தனிப் பயணியின் துணைகள்: ஏ. கே. செட்டியாரின் உலகப் பயணமும் தொழிலும்

தமிழில் பயண இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பயணி எந்த நாட்டைக் கண்டார், எவற்றை வியந்தார், எந்நடையில் எழுதினார் என்னும் மூன்று வினாக்களைச் சுற்றியே அமைந்துள்ளன. பயணி எதைக் கொண்டு உண்டார், எங்கே உறங்கினார், அடுத்த துறைமுகத்திற்குக் கப்பற் கட்டணம் எங்கிருந்து வந்தது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. யாத்திரை செல்வோனுக்கும் அரசு அலுவலாகச் செல்வோனுக்கும் இவ்வினா எழுவதில்லை. முன்னவனுக்குச் சத்திரமும் காணிக்கையும், பின்னவனுக்குச் சம்பளமும் உண்டு. எவர் அனுப்பியும் செல்லாமல், சென்ற இடத்திலேயே தொழில் செய்து, அத்தொழிலின் வருவாயில் மேற்செல்லும் தனி மனிதனைப் பொறுத்தவரை இதுவே முதல் வினா. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழ்ச் சூழலில் இத்தகைய வாழ்க்கையை நடத்திக் காட்டியவர் கோட்டையூர் ஏ. கே. செட்டியார் (1911–1983). 'உலகம் சுற்றும் தமிழன்' என்பது அவர் நூலின் பெயர். பின்னர் அவருக்கே உரிய பெயராயிற்று. அப்பெயரிலுள்ள ஒருமை விகுதி எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்று இவ்வினாவை எழுப்பக் காரணம் உண்டு. மடிக்கணினியும் இணைய இணைப்பும் கொண்டு ஊர் ஊராகச் சென்று பணிபுரியும் இளைஞர்களை 'டிஜிட்டல் நாடோடி' என்று குறிக்கும் வழக்கு உலகெங்கும் பரவியுள்ளது. சுகியோ மகிமோதோ, டேவிட் மேனர்ஸ் ஆகிய இருவர் 1997இல் வெளியிட்ட நூலின் தலைப்பாக இத்தொடர் அமைந்தது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் பல நாடுகள் இவர்களுக்கெனத் தனி விசாக்களை அறிவித்தன. இவ்வாழ்க்கை முற்றிலும் புதியது என்றும், தனிமனித விருப்பத்தின் பேறு என்றும் பேசப்படுகிறது. தொழில்நுட்பம் புதியதே. ஆனால் தனியாகச் சென்று, வழியிலேயே உழைத்து, உழைப்பின் பயனைத் தொலைவிலுள்ள ஊருக்கு அனுப்பும் முறைக்கு முன்வரலாறு உண்டு. அவ்வரலாறு தனி மனிதனின் வரலாறு மட்டுமா என்பதே கேள்வி.

நாடோடி என்னும் சொல்

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். தமிழில் 'நாடோடி' என்பது பெருமைக்குரிய சொல்லாக வழங்கியதில்லை. நிலமும் வீடும் அற்று ஊர்விட்டு ஊர் பெயர்வோரை நிலைகுடிகள் ஐயத்தோடு நோக்கிய நோக்கு அச்சொல்லில் படிந்துள்ளது. காலனி ஆட்சி அந்த ஐயத்தைச் சட்டமாக்கியது. 1871இல் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்திலும் செயற்பட்டது. பொதி மாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றிச் சென்று விற்றுவந்த குறவர் முதலிய குடிகள், இருப்புப் பாதையும் அரசின் உப்புக் கொள்கையும் அத்தொழிலைக் குலைத்த பிறகு, அலைதலையே குற்றத்தின் அடையாளமாகக் கொண்ட அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்டனர். இருப்பிடம் விட்டு நகர்வதற்கு அவர்கள் அனுமதி பெற வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது.

ஏ. கே. செட்டியார் உலகைச் சுற்றிய 1930களும் இச்சட்டம் நடப்பிலிருந்த ஆண்டுகளே. ஒரே அரசாங்கம் ஒருவருக்குக் கடல் கடக்கக் கடவுச்சீட்டு வழங்கியது. மற்றொருவர் அடுத்த ஊருக்குச் சென்றதற்காகத் தண்டித்தது. 'நாடோடி' என்னும் பெயரை இன்று விரும்பிச் சூடிக்கொள்வோர் இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது நலம்.

கிட்டங்கியும் உண்டியலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நெடும்பயணம் குடும்பமே பெயர்வது போன்றது. சென்னை உச்சநீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த ஏனுகுல வீராசாமி 1830–31இல் காசிக்குச் சென்றபோது ஏறத்தாழ நூறு பேர் உடன் சென்றனர். வழியிலிருந்து அவர் எழுதியனுப்பிய குறிப்புகள் 1838இல் தெலுங்கில் அச்சேறின. பல்லக்கு, பணியாள், சமையலாள், காவலாள் ஆகிய அனைத்தையும் பயணி தம்முடன் கொண்டு சென்றார். நீராவிக் கப்பலும் இருப்புப் பாதையும் அஞ்சலும் வந்தபின் இத்துணைகளைச் சுமக்க வேண்டிய தேவை குறைந்தது. அதனால் அவை மறைந்துவிடவில்லை. பயணிக்கு முன்பே சென்று அவ்வவ்விடத்தில் காத்திருக்கலாயின.

நகரத்தார் சமூகத்தைப் பொறுத்தவரை அவ்வாறு காத்திருந்தது ஒரு வணிக வலைப்பின்னல். இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர், சைகோன் ஆகிய இடங்களில் பரவியிருந்த வட்டிக்கடைகளின் ஒழுங்கு நன்கு அறியப்பட்டது. முதலாளி ஊரிலிருப்பார், முகவர் மூன்றாண்டுக் 'கணக்கு'க்குக் கடல் கடந்து செல்வார், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எனப் படிநிலையில் ஆட்கள் இருப்பர். பல கடைகள் ஒரே கூரையின்கீழ் இயங்கும் இடத்திற்குக் கிட்டங்கி என்று பெயர். பகலில் அது அலுவலகம், இரவில் படுக்கையிடம், உணவு பொதுச் சமையல். வரிசையாக இடப்பட்ட மரப்பெட்டிகளே அங்குள்ள அறைகலன்கள். ஒரூரில் செலுத்திய தொகையை மற்றோரூரில் பெற உண்டியல் இருந்தது. பர்மாவின் வங்கித் தொழில் பற்றி 1929–30இல் விசாரித்த குழு, அங்கு ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகக் கணித்தது. ஐராவதிக் கழிமுகத்தின் நெல் விளைச்சல் இக்கடைகளின் கடனைப் பெரிதும் சார்ந்திருந்தது என்பதும், உழவர் நிலங்கள் கடனுக்கு ஈடாகக் கைமாறியபோது அதனால் விளைந்த கசப்பும் வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியவை.

ஏ. கே. செட்டியார் வட்டிக்கடைக்குச் செல்லவில்லை. இதழாசிரியராக இரங்கூன் சென்றார். 1930இல், பத்தொன்பது வயதில், அவர் எழுத்து 'ஆனந்த விகட'னில் வெளிவந்தது. பின்னர் இரங்கூனிலிருந்து வெளிவந்த 'தனவணிகன்' இதழின் ஆசிரியப் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. பெயரே சுட்டுவது போல அது வணிகச் சமூகத்தின் இதழ். கப்பலேறினால் சென்னையிலிருந்து மூன்று நான்கு நாளில் இரங்கூன். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நகர மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தமையால், சட்டப்படி அது வெளிநாடும் அன்று. ஆகவே உலகம் சுற்றிய தமிழனின் முதல் அயலூர் வாழ்க்கை, அவர் மொழியும் உறவும் உணவும் முன்பே சென்று சேர்ந்திருந்த ஓரிடத்தில் தொடங்கியது எனலாம். இது அவர் முயற்சியைக் குறைத்துக் கூறுவதாகாது. பாய்வதற்குப் பலகை வேண்டும். அப்பலகை எது என்பதைக் குறித்துக்கொள்வது வரலாற்றின் கடமை.

இவ்வலைப்பின்னலின் மறுபக்கத்தையும் இங்குக் குறிக்க வேண்டும். மூன்றாண்டுக் கணக்குக்குச் செல்லும் முகவர் மனைவியை உடனழைத்துச் செல்வது வழக்கமன்று. செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் அக்காலப் பெண்கள் கழித்த ஆண்டுகள் பயண இலக்கியத்தின் எந்த வகைப்பாட்டிலும் அடங்குவதில்லை. 'தனிப் பயணம்' என்று பேசும்போது தனிமை பயணிக்கு மட்டுமே உரியதாகக் கருதப்படுவது ஒருபக்கப் பார்வை. சென்றவர் தனியராக இருந்தாரோ இல்லையோ, இருந்தவர் தனியராக இருந்தார்.

கையில் ஒரு தொழில்

இரங்கூனுக்கு அப்பால் கிட்டங்கி இல்லாத உலகம் தொடங்குகிறது. அங்குச் செல்ல வேறொரு துணை தேவை. ஏ. கே. செட்டியார் தேர்ந்துகொண்டது புகைப்படத் தொழில். 1930களின் இடைப்பகுதியில் டோக்கியோவில் அதனைப் பயின்றார். பின்னர் நியூயார்க் சென்று அங்கும் பயின்று 1937இல் முடித்தார். இத்தேர்வின் பொருளைப் பயண இலக்கிய ஆய்வுகள் போதிய அளவு கருதவில்லை. தமிழ் எழுத்து தமிழர் உள்ள இடத்தில் மட்டுமே விலைபோகும். புகைப்படமோ எம்மொழியினர் நடுவிலும் விலைபோகும். மேலும் அப்பத்தாண்டில்தான் அத்தொழில் பெயர்ந்து செல்லத்தக்கதாக மாறியிருந்தது. முக்காலியில் ஏற்றிய மரப்பெட்டிக் கருவியும் கண்ணாடித் தகடும் கொண்ட கலைஞன் எளிதில் ஊர்விட்டு ஊர் செல்ல முடியாது. 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா போன்ற 35 மில்லிமீட்டர்ச் சிறு கருவிகள் கேமராவைத் தோளில் தொங்கும் பொருளாக்கின. சுருங்கக் கூறின், மடிக்கணினி இன்று செய்யும் வேலையை அன்று இக்கருவி செய்தது.

அஞ்சலின் வளர்ச்சியும் உடன் நோக்கத்தக்கது. 1929இல் இலண்டன்–கராச்சி விமானப் போக்குவரத்துத் தொடங்கியது. 1932இல் டாடா நிறுவனம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு அஞ்சலைக் கொண்டுவந்தது. 1938இல் பேரரசு விமான அஞ்சல் திட்டம் இந்தியாவிற்கு விரிந்தபோது, தனிக் கட்டணமின்றிக் கடிதங்கள் விமானத்தில் வரலாயின. கடல்வழியே வாரக்கணக்கில் ஆகும் கடிதப் போக்குவரத்து நாள்கணக்கிற்குச் சுருங்கிய காலமும், ஏ. கே. செட்டியார் ஐரோப்பாவிலும் பிற நாடுகளிலும் அலைந்த காலமும் ஒன்றே. தொலைவிலிருந்து எழுதி அனுப்புவோனுக்கு இது எத்தகைய வசதி என்பதை விளக்க வேண்டியதில்லை.

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிச் சென்ற 'சமாரியா' கப்பலில் இருந்தபோது, காந்தியடிகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அந்நாள் காந்தியடிகளின் பிறந்தநாள். செட்டியாருக்கு இருபத்தாறு வயது நிறைய ஒரு மாதமே இருந்தது. தொடர்ந்து மூன்றாண்டுகள், ஏறத்தாழ ஓர் இலட்சம் மைல் பயணம் செய்து, முப்பதாண்டுக் காலத்தில் ஏறத்தாழ நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்திருந்த 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டினார். அதிலிருந்து 12,000 அடி கொண்ட படம் உருவாகி 1940 ஆகஸ்டு 23 அன்று சென்னையில் தமிழில் வெளிவந்தது. தெலுங்கு வடிவம் அதனைத் தொடர்ந்தது. 1953இல் ஆங்கில வடிவம் அமெரிக்காவில் ஆக்கப்பெற்றது.

இவ்வெண்கள் பலரும் எடுத்துக்காட்டுபவை. அவற்றின் உட்பொருள் அவ்வளவாக நோக்கப்படவில்லை. பேசும்படத்தின் வேகத்தில் 35 மில்லிமீட்டர்ச் சுருள் நிமிடத்திற்கு 90 அடி ஓடும். அக்கணக்கின்படி 50,000 அடி என்பது ஒன்பது மணி நேரத்திற்குச் சற்று மிகுதி; 12,000 அடி என்பது இரண்டே கால் மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவு. அதாவது திரட்டியதில் நான்கில் ஒரு பங்கே படத்திற்கு வந்தது. அத்துடன், ஊமைப்படக் காலத்துச் சுருள்கள் மெதுவான வேகத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றைப் பேசும்பட வேகத்தில் ஓட்டினால் மனிதர் விரைந்து துள்ளி நடப்பது போலத் தோன்றும். காந்தியடிகளின் தென்னாப்பிரிக்கக் காலத்தையும் ஒத்துழையாமைக் காலத்தையும் சார்ந்த எப்படச்சுருளைக் கையாள்வோரும் இத்தொல்லையை எதிர்கொண்டே ஆகவேண்டும்.

எடையையும் கருதலாம். ஆயிரம் அடிச் சுருள் இரண்டு கிலோவிற்கு மேல் இருக்கும். ஐம்பதாயிரம் அடி என்றால் பெட்டிகள் நீங்கலாகவே நூறு கிலோவிற்கு மேல். அன்றைய 35 மில்லிமீட்டர்ச் சுருளின் அடிப்பொருளோ எளிதில் தீப்பற்றும் நைட்ரேட். சுங்கச் சாவடிகள் அதனைத் தனியே கவனிக்கும். சரக்காக ஏற்றக் கட்டுப்பாடுகள் உண்டு. போர் மூண்டபின் கடல்வழியே எதையும் அனுப்புவதற்கு உறுதியில்லை. தோளில் ஒரு பையுடன் உலகைச் சுற்றும் தனிப் பயணியின் படத்தோடு இது பொருந்துவதில்லை. அவர் செய்தது ஊர் சுற்றல் அன்று. செய்திப்பட நிறுவனங்களின் கிடங்குகளைத் தேடிச் செல்லுதல், உரிமை கேட்டல், படி எடுத்தல், காத்திருத்தல், கடிதம் எழுதுதல், மீண்டும் காத்திருத்தல். பெரும்பாலும் இது எழுத்தர் வேலை. காந்தியப் பற்றும் துணிவும் அவ்வேலைக்கு உந்துதல் தந்தன. முடித்துத் தந்தது பொறுமையே.

முதலீட்டிற்கு ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டது. டாக்குமென்டரி பிலிம்ஸ் என்பது அதன் பெயர். ஆவணப்படம் என்னும் வகை தமிழகத்தில் பழக்கமாகாத காலத்தில், பொருள் ஈட்டும் என்னும் உறுதி சிறிதுமில்லாத ஒரு முயற்சிக்குப் பிறர் பணம் தந்தனர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. வணிகச் சமூகத்தில் பிறந்த ஒருவருக்கு நம்பகம் என்பது பிறப்போடு வந்த கைம்முதல் எனக் கருத இடமுண்டு.

தாள் வகுத்த எல்லை

உறவும் தொழிலும் இருந்தாலும் மூன்றாவது ஒன்று இல்லாமல் கப்பலேற முடியாது. முதல் உலகப் போருக்குப் பின்பே கடவுச்சீட்டு இன்றியமையாததாயிற்று. 1920இல் பாரிசில் கூடிய மாநாடு அதன் வடிவை ஒழுங்குபடுத்தியது. இந்தியாவிலும் அதே ஆண்டில் கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1922ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் கூலித் தொழிலாளர் வெளிச்செல்வதை ஒழுங்குபடுத்தியது. ஆக, மாணவர், வணிகர், எழுத்தாளர் ஒரு வழியாகவும், தோட்டத் தொழிலாளர் வேறு வழியாகவும் கடல் கடந்தனர். துறைமுகம் ஒன்றே, வரிசைகள் வேறு.

அமெரிக்காவின் நிலை இதனைத் தெளிவாகக் காட்டும். 1917ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதியை விலக்கு மண்டலமாக அறிவித்தது. ஆனால் மாணவர், ஆசிரியர், எழுத்தாளர், கலைஞர், வணிகர் ஆகியோருக்கும், ஆர்வத்தினாலோ இன்பத்திற்காகவோ பயணம் செய்வோருக்கும் அச்சட்டத்தில் விலக்களிக்கப்பட்டிருந்தது. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கின் தீர்ப்பு இந்தியர்க்குக் குடியுரிமை இல்லை என்றது. 1946இல்தான் ஆண்டுக்கு 100 பேர் என்னும் அளவில் கதவு சிறிது திறந்தது. இவற்றுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் நியூயார்க்கில் ஒரு தமிழர் புகைப்படம் பயின்றார் என்றால், அவர் மாணவர் என்னும் வகையில் நுழைய இயன்றதே காரணம். தங்கலாம், கற்கலாம், வியக்கலாம், குடியேறக் கூடாது. பயண நூலின் வியப்புத் தொனி ஓரளவு சட்டம் விதித்த தொனியும் ஆகும் என்று கூறினால் மிகையாகாது.

இன்றைய விசாக்களிலும் இதே வகைப்பாடு வேறு உடையில் தொடர்கிறது. 2020இல் எஸ்டோனியா தன் டிஜிட்டல் நாடோடி விசாவை அறிவித்தபோது மாத வருவாய் 3,504 யூரோ இருக்க வேண்டும் என்றது. அதே ஆண்டில் பார்படோஸ் ஆண்டுக்கு 50,000 டாலர் கேட்டது. 2024இல் தாய்லாந்து ஐந்து இலட்சம் பாட் இருப்புக் காட்டச் சொன்னது. ஜப்பான் 2024இல் தொடங்கிய திட்டத்திற்கு ஆண்டு வருவாய் ஒரு கோடி யென் வேண்டும். அதற்கும் மேலாக, குறிப்பிட்ட நாடுகளின் குடிமக்களுக்கே அது உரியது. அந்நாடுகளின் பட்டியலில் இந்தியா இடம்பெறவில்லை. பிரிட்டிஷ் இந்தியக் குடிமகனாக ஏ. கே. செட்டியார் தொழில் பயின்ற டோக்கியோவில், விடுதலை பெற்ற இந்தியாவின் இளைஞர் ஒருவர் மடிக்கணினியுடன் அமர இத்திட்டம் இடந்தரவில்லை. காலம் செல்லச் செல்ல உலகம் சுருங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது என்னும் பொதுக் கூற்றை இச்செய்தி சற்றே தயங்கச் செய்கிறது.

வடபுலத்து ஒப்புமை

அக்காலத்தில் இந்திய மொழிகள் பலவற்றில் இத்தகைய பயணிகள் தோன்றினர். வங்கத்தின் இராம்நாத் விசுவாசு 1931இல் சிங்கப்பூரிலிருந்து மிதிவண்டியில் புறப்பட்டு, பின்னாளில் முப்பதுக்கு மேற்பட்ட நூல்கள் எழுதினார். எனினும் ஏ. கே. செட்டியாரோடு வைத்து எண்ணுவதற்கு மிகவும் ஏற்றவர் இராகுல சாங்கிருத்தியாயன் (1893–1963). இருவரின் இயல்பும் வேறு. ஒருவர் தம்மைப் பற்றி வாய் திறவாதவர். மற்றவர் பல தொகுதிகளில் தன்வரலாறு எழுதியவர். எனினும் வாழ்க்கை அமைப்பில் வியக்கத்தக்க ஒற்றுமை உண்டு.

இராகுலர் 1929இல் நேபாளத்தின் வழியாக மாறுவேடத்தில் திபெத்திற்குள் சென்றார். அதற்கு முன் இலங்கையின் களனியில் வித்தியாலங்காரப் பிரிவேனாவில் வடமொழி கற்பித்தார். இலாசாவில் அவருக்குத் துணையாக இருந்தவர்கள் அங்கு வணிகம் செய்த நேபாளத்து நேவார்கள். நூல்கள் வாங்கப் பொருளுதவி இலங்கையிலிருந்து வந்தது. கோவேறு கழுதைகளில் ஏற்றப்பட்டு வந்த அச்சுவடிகளும் ஓவியங்களும் பாட்னாவைச் சேர்ந்தன. இங்கும் ஒரு வணிகக் குடியின் வலைப்பின்னலே தனிப் பயணியைத் தாங்கியுள்ளது. இலாசாவின் நேவார் கடையும் இரங்கூனின் செட்டியார் கிட்டங்கியும் பயணியின் பார்வையில் ஒரே பணியைச் செய்தன.

இராகுலர் 1948இல் எழுதிய 'குமக்கட் சாத்திர'த்தில் ஊர்சுற்றியின் வாழ்க்கைக்கு இலக்கணம் வகுத்தார். 'ஊர்சுற்றிப் புராணம்' என்னும் பெயரில் அது தமிழிலும் உண்டு. சுயசார்புக்கு ஓர் இயல், கைத்தொழிலுக்கும் கலைக்கும் ஓர் இயல், எழுதுகோலுக்கும் தூரிகைக்கும் ஓர் இயல் என அந்நூலில் பயணியின் பிழைப்பு பற்றியே பல பக்கங்கள் உள்ளன. பெண் ஊர்சுற்றிகளுக்கும், பரம்பரையாக அலையும் குடிகளுக்கும் தனித்தனி இயல்கள் உள்ளன என்பது சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. முன்னர்ச் சுட்டிய இரண்டு விடுபாடுகளையும், அதாவது வீட்டிலிருந்த பெண்ணையும் சட்டத்தால் கட்டப்பட்ட நாடோடியையும், பயணம் பற்றிய சிந்தனைக்குள் கொண்டுவந்த பெருமை அந்நூலுக்கு உண்டு. அவருடைய அறிவுரைகளுள் சில வேடிக்கையாகத் தோன்றலாம்; பல இன்றும் வேலைக்கு ஆகும். தமிழில் ஏ. கே. செட்டியார் அத்தகைய இலக்கண நூல் எதனையும் எழுதவில்லை. இலக்கியம் கண்டார், இலக்கணம் கூறாது விட்டார்.

எழுத்தில் மறையும் பயணி

இங்கு ஆய்வாளருக்கு ஓர் இடர் எழுகிறது. ஏ. கே. செட்டியார் தம் சொந்த வாழ்க்கையைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதினார் என்பதை அவரை ஆராய்ந்தோர் சுட்டியுள்ளனர். அவர் நடை சிறு தொடர்களால் ஆனது. காட்சியைக் காட்டிவிட்டு விலகிவிடுவது. மெல்லிய நகைச்சுவை உடையது. தன்னை முன்னிறுத்தாத இப்பண்பு இலக்கிய நோக்கில் பாராட்டப்பெற்றுள்ளது, பாராட்டு தகுதியானதே. பயணக் கட்டுரை என்றாலே தற்பெருமைப் பட்டியல் என்றாகிவிட்ட சூழலில் அவருடைய அடக்கம் ஓர் அரிய அறம். ஆயினும் வரலாற்று நோக்கில் அதற்கு ஒரு விலை உண்டு. 'நான்' மறையும்போது, 'எனக்குச் சோறிட்டவர்', 'எனக்குக் கடன் தந்தவர்', 'என் கடிதத்தைக் கொண்டு சேர்த்தவர்' ஆகியோரும் உடன் மறைந்துவிடுகின்றனர். அடக்கமே தனிமையின் தோற்றத்தை உண்டாக்கிவிடுகிறது. வாசகர் அதனைச் சாகசம் என்று படிக்கின்றனர். 'உலகம் சுற்றும் தமிழன்' என்னும் ஒருமை நிலைபெறுகிறது.

அவர் தாம் செய்த பிற்காலப் பணியே இவ்விடரை நீக்கும் வழியையும் காட்டுகிறது. 1943இல் அவர் தொடங்கிய 'குமரி மலர்' மாத இதழ், இடைவெளிகளுடன், அவர் வாழ்நாளின் இறுதிவரை வெளிவந்தது. அதில் தம் எழுத்தைவிடப் பிறர் எழுத்துக்கு, அதிலும் பழைய இதழ்களிலும் மலர்களிலும் புதைந்து கிடந்தவற்றிற்கு, மிகுதியான இடம் தந்தார். பாரதியாரைப் பற்றிய அரிய செய்திகள் பல அவ்வாறு மீட்கப்பட்டன. தமிழ்நாட்டைப் பற்றிய பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். உலகெங்கும் கிடங்குகளில் படச்சுருள் தேடிய கை, ஊருக்குத் திரும்பியபின் பழைய தாள்களைத் தேடியது. அவர் பிறந்த கோட்டையூரிலேயே ரோஜா முத்தையாவின் பெருந்தொகுப்பும் உருவாயிற்று என்பதை இங்கு நினைவுகூரலாம். நகரத்தார் சமூகம் கணக்கை எழுதி வைக்கவும் எழுதியதைப் பேணவும் பழகிய சமூகம்.

காந்திப் படம் உருவான வரலாற்றை அவர் கட்டுரைகளாகவே எழுதிவந்தார். அவை ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்னும் நூலாகத் தொகுக்கப்பட்டது 2003இல். அவர் மறைந்து இருபதாண்டுகளுக்குப் பின். அந்நூலிலும் மனிதர்கள் பலர் வந்து போகின்றனர், வழிகாட்டுகின்றனர், ஒரு பெட்டியைத் திறந்து காட்டுகின்றனர். அவர்களை எல்லாம் ஒரு பட்டியலாக்கினால், 'தனிப் பயணி' என்னும் சொல்லுக்கு வேறொரு விளக்கம் கிடைக்கும். அப்பட்டியலின் மறுபாதி செட்டிநாட்டு வீடுகளின் பரண்களில் உள்ள கடைக் கணக்குப் பேரேடுகளில் தேடத்தக்கது. வட்டியும் முதலும் பற்றி ஆராய்வோர் அவற்றைப் புரட்டியுள்ளனர். பயண இலக்கியம் பயில்வோரும் இனி அவற்றின் செலவுப் பற்றுகளைப் படிக்கத் தொடங்கலாம்.